கண்ணாடி ஏறாத கதவு

7 ஏப்ரல் 2003: 24.00
21 ஏப்ரல்: 24.00
6 மே: 24.00
19 மே: 31.50
9 ஜூன்: 24.00
30 ஜூன்: 24.00
21 ஜூலை: 24.00
8 செப்டம்பர்: 38.00
27 அக்டோபர்: 24.00
மொத்தம்: 237.50

ஒன்பதும் பதிவுத் தபால் செலவு. ஒன்பது கடிதங்களும் ஒரே விலாசத்துக்குப் போனவை. எல்லாம் ஒரே ஒரு வரியைப் பற்றியவை. பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கம் அச்சிட்ட பதிவேட்டில், நாற்பத்தேழாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது: "வண்டி எண் 31. கன்வெர்டிபிள். செடானை வெட்டித் திறந்தது." எண்ணை விட்டுவிட்டால் நாலே சொல். நாலும் பொய் என்பது கடிதம் எழுதியவரின் கட்சி.

கடிதங்கள் ஞாயிற்றுக்கிழமை எழுதப்பட்டு, திங்கட்கிழமை தபாலில் சேர்க்கப்பட்டன. மே மாதத்து முதல் கடிதம் மட்டும் செவ்வாய்க்கிழமை போனது. முந்தைய நாள் தபால் நிலையம் மூடியிருந்தது. மூடிய கதவின் முன்னால் நின்று அவர் போட்ட சத்தத்தைக் கேட்டு, எதிரே இருந்த பழக்கடைக்காரர் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றே நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

எழுதியவர் ஒரு டிங்கர். நசுங்கிய காரின் தகரத்தைத் தட்டி நிமிர்த்துவது, துருப்பிடித்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைப்பது, எப்போதாவது எஞ்சினும் சக்கரமும் மட்டும் மிஞ்சிய வண்டிக்கு முழு பாடியே கட்டுவது அவர் தொழில். 1938 செப்டம்பர் 19இல் பிறந்து, பதினான்கு வயதில் சுத்தியலைப் பிடித்தவர். பட்டறை நாற்பதடிக்கு இருபத்திரண்டடி, தகரக் கொட்டகை. தகரத்துக்குள் உட்கார்ந்து தகரத்தைத் தட்டித் தட்டி நாற்பது வயதிலேயே இடது காது போய்விட்டது. அதனால் அவர் சாதாரணமாகப் பேசுவதே அடுத்த தெருவுக்குக் கேட்கும். கோபமாகப் பேசுகிறாரா, சும்மா பேசுகிறாரா என்று தெரிந்துகொள்ள ஒரே அடையாளம் வலது காது. கோபம் வந்தால் அது சிவக்கும். அது சிவக்காத நாள் குறைவு என்று அவர் மனைவி சொல்வாள்.

பட்டறைக்கு வண்டி கொண்டுவருகிறவர்களை அவர் மூன்று கேள்வி கேட்பார். கூரை மடியுமா? கதவுல கண்ணாடி ஏறுமா? எத்தனை பேர் உக்காரலாம்? பதிலை வைத்து வண்டிக்குப் பேர் சொல்லிவிடுவார். கூரை மடியாமல் நின்றால், குடும்பமே உட்காரும் வண்டி செடான். இரண்டு கதவும் சரிந்த முதுகுமாக இருந்தால் கூபே. கூரை மடிந்து, கதவுக்குள்ளிருந்து கண்ணாடியும் ஏறினால் கன்வெர்டிபிள். கூரை மடியும், கண்ணாடியே கிடையாது, மழை வந்தால் பட்டன் போட்டு மாட்டும் துணித்திரைதான் என்றால் அதில் இரண்டு வகை: இரண்டு பேர் உட்கார்ந்தால் ரோட்ஸ்டர், நாலு பேர் உட்கார்ந்தால் டூரர். இதற்குமேல் விவாதம் கிடையாது. ஒருமுறை ஒரு வக்கீல் தன் கன்வெர்டிபிளை ரோட்ஸ்டர் என்று நாலு தடவை சொன்னார். ஐந்தாவது தடவை சொன்னபோது டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "உங்க கட்சிக்காரன் திருடினான்னா அவன் கொலை பண்ணினான்னு கோர்ட்ல சொல்வீங்களா?" என்று கேட்டார். வக்கீல் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பவில்லை.

இந்தக் குணத்துக்காகவே 1981இல் சங்கம் அவரைத் தேடி வந்தது. வருடா வருடம் நடக்கும் பழைய கார் கண்காட்சியில் எந்த வண்டி எந்த வகையில் போட்டியிடலாம் என்று முடிவு செய்யும் நடுவர் அவர்தான். இருபத்திரண்டு வருடம் நடுவருக்கான பித்தளை வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு மைதானத்தில் நடந்தார். முதுகுக்குப் பின்னால் அவருக்கு "மூணுகேள்வி" என்று பேர். அது அவருக்கும் தெரியும். உள்ளூர அதில் ஒரு பெருமைகூட உண்டு.

முப்பத்தொன்றாம் எண் வண்டியைக் கட்டியவரே அவர்தான். அவரும் அவர் தம்பியும். 1971 பிப்ரவரியில் ஒரு பல் டாக்டர், பாடி இல்லாத பழைய வண்டி ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அடிச்சட்டம், எஞ்சின், நாலு சக்கரம், அவ்வளவுதான். அவருக்குத் திறந்த வண்டி வேண்டும். பட்டறை மூலையில் அதே காலத்துச் செடான் ஒன்று கிடந்தது. அதைக் காட்டி, "இதன் கூரைய அறுத்துட்டு, மீதிய எடுத்து இதுமேல வச்சுடுங்க. ரெண்டு மாசத்துல முடிஞ்சிடும்" என்றார்.

மரவேலை பார்த்துக்கொண்டிருந்த தம்பி தலையைத் தூக்கினான். "டாக்டர், நீங்க நல்லா இருக்கற பல்லப் புடுங்குவீங்களா?"

"அதெப்படிப்பா புடுங்குவேன்?"

"அப்ப நல்லா இருக்கற வண்டிய ஏன் அறுக்கச் சொல்றீங்க? அறுத்தா இடுப்பு போயிடும். பள்ளத்துல விழுந்தா கதவு தானா தொறந்துக்கும். மரத்துல கூடு கட்டி, மேல தகரம் போர்த்தித் தர்றோம். நாள் ஆகும். ஆனா வண்டி வண்டியா இருக்கும்."

டாக்டர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார். நாள் ஆனது; இருபத்தாறு மாதம். தம்பி மரக்கூடு கட்டினான். அண்ணன் தகரத்தை வளைத்தார். நாலு கதவு, ஒவ்வொன்றின் மேல்விளிம்பும் முழங்கை வைக்கத் தோதாக ஒரே மரத்தில் இழைத்து வளைத்தது. கண்ணாடிக்கு இடமே கிடையாது. அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்த தம்பி மனைவிக்குத் தையல் தெரியும். மடிக்கும் கேன்வாஸ் கூரையையும், மழைக்கு மாட்டும் நாலு பக்கத்திரைகளையும் அவள்தான் தைத்தாள். நாலு திரைக்கும் சேர்த்து இருபத்தெட்டு பித்தளைப் பட்டன்கள்.

பிறகு வண்டி கை மாறியது. 1988இல் ஒரு ஹோட்டல்காரர் வாங்கினார். மழை உள்ளே அடிக்கிறது, கதவில் கண்ணாடி வைத்துத் தாருங்கள் என்று டிங்கரிடம் வந்து கேட்டார். டிங்கர் அவரைத் துரத்திவிட்டார். ஹோட்டல்காரர் வேறொரு பட்டறையில் கதவின் மேல்விளிம்பைப் பிளந்து கண்ணாடி வைத்துக்கொண்டார். தம்பி 1996இல் இறந்தான். வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

2003 மார்ச் 30ஆம் தேதி புதிய பதிவேடு கைக்கு வந்தது. டிங்கர் நேரே நாற்பத்தேழாம் பக்கத்தைத் திருப்பினார். படித்தார். எழுந்து நின்று மறுபடி படித்தார்.

"என்னங்க, காது இப்படிச் செவந்திருக்கு?" என்றாள் மனைவி.

"வெட்டினதாம்! கூரைய வெட்டினோமாம்! வெட்ட மாட்டேன்னு சொல்லி ரெண்டு வருஷம் கூடு கட்டினவன வெட்டினான்னு அச்சடிச்சிருக்கானுங்க!"

"யாரு?"

"பிளைவுட்!"

பிளைவுட் என்பது சங்கச் செயலாளர். பிளைவுட் கடை வைத்திருப்பவர், ஐம்பது வயது, யாரிடமும் குரல் உயர்த்தாதவர். முதல் கடிதத்துக்குப் பதில் வருவதற்குள்ளேயே டிங்கர் அவர் கடைக்குப் போய்விட்டார். செயலாளர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டிங்கர் உட்காரவில்லை.

"டிங்கர் சார், தொறந்த வண்டி. கண்ணாடி ஏறுது. கன்வெர்டிபிள்தானே? உங்க மூணு கேள்வியத்தான் நானும் கேட்டேன்."

"இப்ப ஏறுது. கட்டறப்ப ஏறல. நாளைக்கு ஒருத்தன் அதுமேல புகைபோக்கி வச்சா ரயிலுன்னு எழுதுவீங்களா?"

கடையில் மரப்பலகை வாங்க வந்த இரண்டு பேர் சிரித்தார்கள். செயலாளரும் சிரித்தார். "சரி சார், கன்வெர்டிபிள், டூரர், அது ஒரு பேருதானே. யாருக்கு என்ன நஷ்டம்?"

"உங்க கடைல பிளைவுட்ட தேக்குன்னு விப்பீங்களா?"

"விக்க மாட்டேன்."

"ஏன்? அதுவும் ஒரு பேருதானே?"

செயலாளர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "பேர வேணா மாத்தலாம் சார். ஆனா வெட்டினதுன்னு நானா எழுதல. என்கிட்ட ஆதாரம் இருக்கு. நீங்க வெட்டலைங்கறதுக்கு உங்ககிட்ட ஆதாரம் இருந்தா கொடுங்க, கமிட்டில வைக்கறேன்."

என்ன ஆதாரம் என்று டிங்கர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். அவர் கோபத்தில் வெளியே வந்துவிட்டார்.

அதன்பிறகு அவர் வாழ்க்கையில் வேறு பேச்சே இல்லை. மே மாதம் ஹோட்டல்காரரிடம் போய், பதினைந்து வருடத்துக்கு முன் துரத்தியதற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லாமல், வண்டியின் கதவைத் திறக்க அனுமதி கேட்டார். ஹோட்டல்காரர் நல்லவர், கொடுத்தார். நாலு கதவிலும் உள்பக்க அட்டையைக் கழற்றி, ஸ்டூடியோக்காரரை வைத்து எட்டுப் படம் எடுத்தார். தம்பி இழைத்த ஒற்றை மரத்தை யாரோ ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்து கண்ணாடியைச் சொருகியிருந்தது படத்தில் பளிச்சென்று தெரிந்தது. எடை கூடியதால் அந்தக் கடிதத்துக்கு மட்டும் 31.50.

சங்கத்திலிருந்து பதில்: "படங்கள் கிடைத்தன. கண்ணாடி பின்னால் வைக்கப்பட்டது என்பதை ஏற்கிறோம். ஆனால் கூரை ஆரம்பத்தில் இல்லை என்பதற்கு இவை சான்றாகா."

"கூரை இல்லைங்கறதுக்கு எப்படிடா படம் எடுக்கறது!" என்று டிங்கர் போட்ட கூச்சலில் பட்டறைக் கூரை அதிர்ந்தது. ஜூனில் இரண்டு கடிதம், ஜூலையில் ஒன்று. ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சூடு. ஏழாவதில், கூரை வெட்டப்பட்டதற்கு உங்களிடம் உள்ள அந்தப் பெரிய ஆதாரத்தைத் தைரியமிருந்தால் அனுப்பிவையுங்கள் என்று சிவப்பு மையில் எழுதினார்.

அனுப்பிவைத்தார்கள். ஆகஸ்ட் 4ஆம் தேதி ஒரு நகல் வந்தது. செயலாளர் வாகனப் பதிவு அலுவலகத்துக்குத் தன் செலவில் போய்ப் பழைய கோப்பைத் தேடியெடுத்து வாங்கிய நகல். 1973 மே 9ஆம் தேதியிட்ட விண்ணப்பம். பாடியின் வகை என்ற இடத்தில், சாய்வான எழுத்தில், ஒரு சொல்: செடான். கீழே கட்டியவரின் கையெழுத்து.

கூடவே செயலாளரின் இரண்டு வரி: "பதிவில் செடான். இன்று கூரை இல்லை. ஆகவே வெட்டப்பட்டது என்று கொண்டோம். கையெழுத்து தங்களுடையது என்று நினைக்கிறோம்."

டிங்கர் அதை மடித்து இரும்பு அலமாரியில், சட்டைகளுக்கு அடியில் வைத்தார். முப்பத்தைந்து நாள் எந்தக் கடிதமும் போகவில்லை.

எழுத்து அவருடையதுதான். 1973 மே மாதம் வண்டி முடிந்தபோது பல் டாக்டர் வேறு ஊருக்குக் குடிபோக எட்டு நாள்தான் இருந்தது. பதிவு அலுவலக எழுத்தர் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "புதுசாக் கட்டின தொறந்த பாடின்னா இன்ஸ்பெக்டர் நேர்ல வந்து அளக்கணும். மூணு மாசம் வரிசைல இருக்கு. செடான்னு போடுங்க, இன்னிக்கே முத்திரை" என்றார். டிங்கருக்கு அவசரம். இருபத்தாறு மாதம் தட்டிய கை அலுத்திருந்தது. டூரர் என்று எழுதியிருந்ததைக் கிழித்துப் போட்டு, புதுத்தாளில் செடான் என்று எழுதிக் கொடுத்தார்.

மாலையில் தம்பி பதிவுப் புத்தகத்தைப் பார்த்தான்.

"அண்ணே, கூரை எங்கண்ணே?"

"என்ன கூரை?"

"நீ எழுதியிருக்கியே, அந்தக் கூரை. வண்டியச் சுத்தி வந்துட்டேன், காணோம்."

"காகிதம்தானேடா. யாரு படிக்கப்போறா?"

"எவனாவது படிப்பான். படிச்சுட்டு, ரெண்டு பேரும் சேந்து கூரைய அறுத்திருக்கானுங்கன்னு சொல்வான். அறுக்க மாட்டேன்னு சொன்னதே நான்தான். போய் மாத்திட்டு வா."

"மாத்தினா பொய் எழுதினதுக்குப் பாடி கட்டற லைசென்ஸ பிடுங்கிடுவானுங்க. சோத்துக்கு என்ன பண்றது?"

தம்பி மே 14ஆம் தேதி உளி, இழைப்புளி, ரம்பம் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு போனான். தனியாகக் கதவு, ஜன்னல் செய்யும் கடை போட்டான். நாலு வருடம் அண்ணனிடம் பேசவில்லை. பிறகு பேசினான், வண்டியைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஏன் பிரிந்தான் என்று யாரிடமும் சொல்லவுமில்லை. சொன்னால் அண்ணனின் லைசென்ஸ் போய்விடும் என்பது அவனுக்குத் தெரியும்.

காரணம் தெரியாத இடத்தில் குடும்பம் தானே ஒரு காரணத்தை வைத்துக்கொண்டது. வந்து இரண்டு வருடத்தில் அண்ணன் தம்பியைப் பிரித்துவிட்டாள் என்று டிங்கரின் அம்மா, தன் சின்ன மருமகளைப் பார்த்துச் சொன்னாள். சாகும்வரை சொன்னாள். உறவுக்காரர்கள் சொன்னார்கள். டிங்கரின் மனைவியும் அதையே நம்பினாள். டிங்கர் அப்படிச் சொல்லவில்லை. ஒருநாளும் மறுக்கவும் இல்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை, தம்பி மனைவி வந்தாள். பள்ளிச் சீருடையும் சோபா உறையும் தைக்கும் கடை வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் ஓய்வு. கையில் சங்கத்தின் பதிவேடு. சந்தோஷப்படுவாள் என்று ஹோட்டல்காரர் ஒரு பிரதி கொடுத்திருந்தார்.

"அத்தான், நாப்பத்தேழாம் பக்கம்."

"தெரியும். தப்பா எழுதியிருக்கானுங்க."

"தப்புன்னு எனக்கும் தெரியும். நாலு திரை, இருபத்தெட்டு பட்டன். ஊசி ஏறி நகம் கறுத்துப்போச்சு. கண்ணாடி ஏறுற வண்டிக்கு நான் எதுக்குத் திரை தச்சேன், அழகுக்கா? அவரு அறுத்தாருன்னு வேற போட்டிருக்கு. அவரா?"

"அதத்தான் ஏழு கடிதம் எழுதினேன்!"

"எட்டாவது எங்க?"

அடுக்களையிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள்: "நல்லாக் கேளு. ஒரு மாசமா நானும் கேக்கறேன். செவுத்தக் கேட்டாலும் எதிரொலியாவது வரும்."

டிங்கர் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். சட்டைகளைத் தூக்கி நகலை எடுத்துவந்து அவள் முன்னால் மேசையில் வைத்தார். கொடுக்கக்கூட இல்லை, எறிந்தார் என்றே சொல்ல வேண்டும். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"இது யாரு எழுத்து?"

"என்னது."

"செடான்னு ஏன் எழுதினீங்க?"

சொன்னார். எழுத்தர், எட்டு நாள், மூன்று மாத வரிசை, முத்திரை, லைசென்ஸ் பயம். கடைசியில் சாக்கு மூட்டை. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அவர் சாதாரணம் எப்படி இருக்கும் என்பது தெரிந்ததுதானே. கீழ்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "இதுக்குத்தான் அவரு பட்டறைய விட்டு வந்தாரா?"

"ஆமா."

"நான் பிரிச்சதால இல்ல?"

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"முப்பது வருஷம் அத்தான். உங்கம்மா சாகக் கெடக்கறப்ப தண்ணி ஊத்தப் போனேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. நீங்க கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு இருந்தீங்க. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு தெரியுமா? நாம ஏதோ சொல்லித்தான் பிரிஞ்சாரோன்னு ஒவ்வொரு பேச்சா யோசிச்சுப் பாத்திருக்கேன். அவரக் கேட்டா, வேற வேலை பாக்கத் தோணுச்சுன்னாரு. அவ்வளவுதான்." அவள் நகலை விரலால் தட்டினாள். "ஊர்ல எல்லாரையும் மூணு கேள்வி கேப்பீங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவரு போய் ஏழு வருஷம் ஆச்சு. லைசென்ஸும் நீங்க எப்பவோ திருப்பிக் கொடுத்தாச்சு. அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படிச் சொல்றது? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?" என்று டிங்கர் மேசையை அறைந்தார்.

"கத்தாதீங்க. எனக்கு ரெண்டு காதும் கேக்கும்."

அவர் உட்கார்ந்தார். வலது காது நெருப்பாக இருந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அவர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பிளைவுட்டின் மேல் கோபப்பட முடியவில்லை. அந்த மனிதர் காகிதத்தில் இருந்ததைத்தான் அச்சடித்தார். எழுத்தர் செத்திருப்பார். மிச்சமிருந்தது ஒரே ஆள்.

"எழுதுங்க" என்றாள் அவள். "கூரை இல்லாத வண்டிக்குக் கூரை எழுதினவன் நான்னு எழுதுங்க. நான் எதனால பிரிச்சவளா ஆனேன்னு அதையும் எழுதுங்க. எழுதி, எனக்குப் படிச்சுக் காட்டிட்டுத்தான் தபால்ல போடணும்."

"அத எழுதினா நடுவர் வேலை போயிடும்."

"போகட்டும்."

எழுத ஒரு வாரம் பிடித்தது. ஆறு பக்கம். செப்டம்பர் 8ஆம் தேதி காலை, தபாலில் போடும் முன் அவள் கடைக்குப் போனார். சீருடை வாங்க வந்தவர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். "இங்கயா?" என்றார். "இங்கதான். எனக்கு வேலை இருக்கு" என்று அவள் மிஷினை ஓட்டிக்கொண்டே இருந்தாள். மிஷின் சத்தத்துக்கு மேல் படிக்க வேண்டியிருந்தது. டிங்கர் அதற்கு மேல் படித்தார். பொய்யாகச் செடான் என்று எழுதியவன் நானே என்பதையும், என் தம்பி மனைவி மேல் விழுந்த பழி என்னால் விழுந்தது என்பதையும் அந்தத் தெருவில் கேட்காதவர்கள் வீட்டில் இல்லாதவர்கள் மட்டும்தான். எதிர்க்கடை சைக்கிள்காரர் காற்றடிப்பதை நிறுத்திவிட்டு நின்றார். ஆறாம் பக்கம் முடிந்ததும் அவள் மிஷினை நிறுத்தாமலே, "மூணாம் பக்கத்துல பட்டன் இருபத்தாறுன்னு படிச்சீங்க. இருபத்தெட்டு" என்றாள். அவர் பேனாவை எடுத்துத் திருத்தினார். தபால் செலவு 38.00.

அன்று மத்தியானம் டிங்கரின் மனைவி யாரிடமும் சொல்லாமல் அந்தக் கடைக்குப் போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தாள். என்ன பேசினார்கள் என்று டிங்கர் கேட்டதற்கு, "உங்களத் திட்டினோம்" என்றாள். வேறு விவரம் சொல்லவில்லை. பத்து நாள் அவரிடம் சரியாகவே பேசவில்லை.

அக்டோபர் 20ஆம் தேதி சங்கத்தின் பதில் வந்தது. எல்லாப் பிரதிகளிலும் ஒட்டுவதற்காக அச்சிடப்போகும் திருத்தச் சீட்டின் மாதிரி: "வண்டி எண் 31. ரோட்ஸ்டர். பாடி புதிதாகக் கட்டியது."

"ரோட்ஸ்டரா!"

அந்தக் கூச்சலைக் கேட்டு மனைவி ஓடிவந்தாள். இரண்டரை மாதத்துக்குப் பிறகு அவர் பழைய ஆளாக நின்றுகொண்டிருந்தார். இந்தக் கோபத்தில் அவருக்குப் பங்கு இல்லை. முழுக்க முழுக்க அடுத்தவர் தப்பு. காது செக்கச்செவேல் என்று இருந்தது. "இருபத்திரண்டு வருஷம் என்கூட மைதானத்துல நடந்தானே இந்தப் பிளைவுட்டு! கூரை கேட்டான், கண்ணாடி கேட்டான், மூணாவது கேள்வியக் கேட்டானா?"

ஒன்பதாவது கடிதம்தான் இருப்பதிலேயே சின்னது. "ஐயா, வண்டியில் இருக்கை நாலு. எண்ணிப் பார்க்கவும்." இதற்கும் 24.00.

பதிலாக வந்த உறையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று அச்சான திருத்தச் சீட்டு. "வண்டி எண் 31. டூரர். மரக்கூட்டின் மேல் புதிதாகக் கட்டிய பாடி, 1971–73. கதவுக் கண்ணாடி 1988இல் சேர்க்கப்பட்டது." கீழே மூன்று பெயர்கள்: மரவேலை செய்தவர், தகரவேலை செய்தவர், கூரையும் திரைகளும் தைத்தவர். டிங்கர் அதை நாலு தடவை படித்தார். பூதக்கண்ணாடி வைத்து ஒரு தடவை படித்தார். தப்பு ஒன்றும் அகப்படவில்லை. அதுவே அவருக்கு எரிச்சலாக இருந்தது.

இன்னொரு தாளில், பொய்யான பாடி வகையைப் பதிவு செய்ததாக அவரே ஒப்புக்கொண்டிருப்பதால், வகை தீர்மானிக்கும் நடுவராக அவர் தொடர்வது முறையாகாது என்றும், பித்தளை வில்லையைத் திருப்பி அனுப்பவும் என்றும் கண்டிருந்தது. கையொப்பத்துக்குக் கீழே செயலாளர் கையாலேயே எழுதியிருந்தார்: "மன்னிக்கவும் சார். விதி அப்படி."

"விதி சரிதான்" என்று டிங்கர் மனைவியிடம் கத்தினார். "சரியா இருந்தா மட்டும் கோபம் வரக்கூடாதா?"

வில்லையை ஒரு காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சீட்டை எடுத்துக்கொண்டு தம்பி மனைவி கடைக்குப் போனார். அவள் படித்தாள். தன் பேர் இருந்த வரியின் மேல் கட்டைவிரலை வைத்து ஒருமுறை நகர்த்தினாள். பிறகு துணி வெட்டும் பெரிய கத்தரியால் சீட்டின் ஓரத்தை நூல் பிடித்த மாதிரி நறுக்கி, மேசை இழுப்பறையிலிருந்த பதிவேட்டை எடுத்து, நாற்பத்தேழாம் பக்கத்தில் பழைய வரி தெரியாமல் பசை தடவி ஒட்டினாள். மேலே ஒரு சீருடைத் துணிக்கட்டை வைத்து அழுத்தினாள்.

டிங்கர் நின்றுகொண்டே இருந்தார். கடையில் ஸ்டூல் ஒன்று காலியாகத்தான் இருந்தது.

"காஞ்சுடுச்சா?" என்றார்.

"காய நேரமாகும். நீங்க கிளம்புங்க அத்தான், எனக்கு நாப்பது சட்டைக்குக் காலர் வைக்கணும்." மிஷின் ஓடத் தொடங்கியது. அவர் வாசல்வரை போனபோது, நிமிராமலே சொன்னாள்: "இது வந்த உறையத் தூக்கிப் போட்டுடாதீங்க. தபால் முத்திரை இருக்கும். எனக்குத் தேதி வேணும். என்னிக்குத் தீந்ததுன்னு நான் நாலு பேருக்குச் சொல்லணும்."

உறை டிங்கரின் சட்டைப்பையிலேயே, வில்லையோடு இருந்தது. எடுத்து அவள் மேசையில் வைத்துவிட்டு வந்தார். முத்திரைப்படி, சங்கத்தின் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது 2003 நவம்பர் 27, வியாழக்கிழமை.